பக்கத்து சீற்றில் வந்து இருந்தவன்

1

நான் ஒரு வீடியோ விளையாட்டை மூன்று தரம் முடித்திருக்கிறேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. வருடத்தில் இரண்டு மாதம் வெயிலே எட்டிப்பார்க்காத ஒரு நாட்டின் வடக்குக் கரையில், மீன் பக்டரியில் வேலை. பதினாறு வயதில் ஒரு மகள். இந்த லட்சணத்தில், பின்னேரம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து, கையில் மீன் மணம் போகமுன்னரே கொன்ரோலரைத் தூக்கிக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்துவிடுவேன். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பின்னுக்குப் போகப் போக அதற்கு இடம் வராது.

விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விளம்பரம் செய்ய ஒருவரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. ஒரு துறைமுக நகரம். அதற்குள் நீங்கள் ஒரு கள்ளன். எந்தத் தெருவிலும் போகலாம், எந்தக் காரையும் பறிக்கலாம், ஆரையும் சுடலாம். சரியான குப்பை விளையாட்டு என்று என் மகள் அபி சொல்லுவாள். அவள் சொல்வதில் பிழையில்லை. பாலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று ரோட்டுக்குள் புதைந்துபோகும். குடை பிடித்த ஒரு மனுசி நாள் முழுக்க ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நடக்கிறாள். ஆளைக் கொன்றுவிட்டு ஒரு ஒழுங்கைக்குள் இரண்டு நிமிடம் நின்றால் போதும், பொலிஸ்காரன் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் போய்விடுவான். நண்பர்கள் இரண்டு பேர் நெற்றில் சேர்ந்து விளையாடலாம், ஒருவர் ஓட்டுகிற காரில் மற்றவர் பக்கத்து சீற்றில் ஏறலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். அதுவும் பாதி நாள் வேலை செய்யாது. அபி இரண்டு கிழமை விளையாடிவிட்டுத் தூக்கி எறிந்ததைத்தான் நான் எடுத்தேன்.

எடுத்தது கதைக்காக. அப்படி ஒரு கதையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இன்று எனக்கு இந்த நாட்டில் அகதி கார்ட் கிடைத்த நாள். பதினாலு வருடம். மனைவி வதனி வருடா வருடம் இந்த நாளில் கேசரி கிண்டுவாள். இந்த முறையும் கிண்டினாள். அபி ஒரு கரண்டியும் வாயில் வைக்கவில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்தக் குறிப்பு. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் பெயரையும் சேர்த்து. பெயர் மாற்றுவது எனக்குக் கைவந்த வேலை.

2

முதலில் விளையாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சிறு கள்ளர்கள், கூட்டாளிகள். பொலிஸ் துரத்துகிறது. ஒருவன், ஒஸ்கார் என்று பெயர், கடலுக்குள் விழுந்துவிடுகிறான். மற்றவன் ஒஸ்காரின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, அவனுடைய அடையாள அட்டையோடு புது நகரத்துக்கு வருகிறான். அந்த மற்றவன்தான் நீங்கள். உங்கள் சொந்தப் பெயர் கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. எல்லோரும் உங்களை ஒஸ்கார் என்கிறார்கள். ஒஸ்காரைச் சின்ன வயதில் நாய் கடித்தது, ஒஸ்காரின் தகப்பனுடைய வள்ளம் எரிந்தது, இதெல்லாவற்றையும் உங்களுக்கு நடந்ததாகச் சொல்லிச் சொல்லித்தான் வேலை எடுக்கிறீர்கள், வீடு எடுக்கிறீர்கள், ஒரு பெண்ணையும் எடுக்கிறீர்கள். ஒஸ்காரைவிட நன்றாகச் சொல்கிறீர்கள். அவன் விக்கி விக்கிச் சொன்ன கதையை நீங்கள் சொல்லும்போது கேட்கிறவர்கள் அழுகிறார்கள்.

கடைசிக் கட்டத்தில் ஒரு பெற்றோல் செற்றில் காரை நிறுத்துகிறீர்கள். கதவைத் திறந்துகொண்டு ஒருவன் வந்து பக்கத்து சீற்றில் இருக்கிறான். ஒஸ்கார். சாகவில்லை. நொண்டுகிறான், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் துவக்கு வேலை செய்யாது. இறங்கி ஓடுகிற பொத்தானும் வேலை செய்யாது. முதல் தரம் நான் விசரன் மாதிரி எல்லாப் பொத்தானையும் அமத்திப் பார்த்தேன். ஓட்டுவதைத் தவிர ஒன்றும் செய்ய ஏலாது. அவன் இடம் என்கிறான், வலம் என்கிறான், நேரே என்கிறான். ஏசவில்லை, எதையும் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் அப்படியே ஓடுகிறீர்கள். அதிலும் ஒரு பிழை இருக்கிறது: பாதி வழியில் ஒஸ்காரின் தலை காரின் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியில் நிற்கும். விளையாட்டைச் செய்தவர்களின் கவலையீனம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் நீங்கள் இருக்கிற வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்கிறான். இறங்குகிறான். தன் சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்துத் திறந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறான். நீங்கள் காருக்குள்ளேயே இருக்கிறீர்கள். அதோடு விளையாட்டு முடிந்துவிடுகிறது.

மூன்று தரமும் அந்த இடத்தில் ரீவியை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டேன். ஏன் என்பதை வதனி மட்டும் அறிவாள்.

3

என் மச்சான் யோகன், மாமாவின் மகன். கிளிநொச்சிப் பக்கம், முரசுமோட்டையில் மனைவி சாந்தியோடு இருந்து வயல் செய்தவன். சண்டை முடிந்து, முகாமிலிருந்து விட்ட அன்று, நேரே வவுனியாவில் என் வீட்டுக்குத்தான் வந்தான். நான் அப்போது ஒரு ஹாட்வெயார் கடையில் நின்றேன். சண்டை என்னைப் பெரிதாகத் தொடவில்லை. குசினியில் நிலத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே, ஒரே ஒரு தரம், எனக்கு மட்டும் சொன்னான்.

சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது ஆண்களை ஆமிக்காரர் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் வரிசையாக இருத்தினார்களாம். யோகனுக்குப் பக்கத்தில் தம்பி குகன். ஆள்காட்டுவதற்கு, முகத்தை மூடிய ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் குகனைப் பார்த்துத் தலையாட்டினான். வந்தவர்கள் யோகனிடம் கேட்டார்கள், இவன் உனக்கு ஆர் என்று.

"ஆரெண்டு தெரியாது எண்டிட்டன் மச்சான்," என்றான் யோகன். "ரெண்டு பேரும் போனா சாந்தி தனிச்சுப் போவாள் எண்டு நினைச்சன். அவன் எழும்பிப் போனான். போகேக்க திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சவன். அதுதான் எனக்கு விளங்கேல்லை. ஏன் சிரிச்சவன்?"

குகனை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

சில மாதத்தில் நான் ஏஜென்சி பிடித்து இந்த நாட்டுக்கு வந்தேன். வதனியும் கைக்குழந்தையாக அபியும் வவுனியாவில். இங்கே எங்கள் ஆட்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கிற ஒரு அண்ணை இருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, உது காணாது. கடையில ஆணி வித்தவனுக்கு ஆர் கார்ட் குடுப்பினம்? வேற ஏதும் நடக்கேல்லையோ?" என்றார்.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. யோகனுக்கு நடந்தது எனக்குத் தெரியும். அவன் ஊரை விட்டு வரமாட்டான், வயலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடப்பான் என்று நினைத்தேன். எனக்குச் சகோதரங்களே இல்லை. செல்வன் என்று ஒரு தம்பியைப் பெற்றுக்கொண்டேன்.

விசாரணை அன்று குடிவரவுக் கந்தோரில் ஒரு நடுத்தர வயதுப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் ரெலிபோனில். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். தம்பி எழும்பிப் போனான் என்றபோது அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். கை நழுவுகிறது என்று விளங்கியது. உடனே சொன்னேன், "அவன் அண்ணா, அண்ணா எண்டு கத்தினவன். நான் தலையைக் குனிஞ்சு கொண்டிருந்தனான்." அவள் பேனையை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் வார்த்துத் தந்தாள். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. நன்றாகச் சொல்லிவிட்டேன் என்ற சந்தோசத்தில் அழுதேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

கார்ட் கிடைத்தது. அடுத்த வருடம் யோகன் இந்த நாட்டிலேயே வந்து இறங்கினான். அங்கே அவனைத் தேடி இரண்டு தரம் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். வந்தவன் தன் கதையைத் தானே சொன்னான். சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். விசாரணைக்கு முதல்நாள் அவனுக்குக் கோழிக் கறி வைத்துக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவனுக்கு மொழி தெரியாது. அகதிக் காம்பிலிருந்து இரண்டு பஸ் மாறி என்னிடம் கொண்டுவந்தான். நான் வாசித்தேன். இதே சம்பவத்தை வேறொரு விண்ணப்பதாரி ஏற்கெனவே கூறியிருக்கிறார், அவருடைய கூற்று விரிவானது, உணர்ச்சி நிறைந்தது என்று எழுதியிருந்தது. பிடித்துக்கொண்டு போகப்படுகிற ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான் என்பது நம்பத்தக்கதல்ல. ஆகவே உங்களுடையது பிறரிடம் கேட்டுப் பாடமாக்கிய கதை.

"என்னவாம்?" என்று கேட்டான்.

"ஆதாரம் காணாதாம் மச்சான்," என்றேன்.

அந்த மாதம்தான் வதனிக்கும் அபிக்கும் விசா அலுவல் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அதுவும் போகும், என் கார்ட்டும் போகும். மேன்முறையீட்டுக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத கடிதம். அதற்கும் இல்லை என்றார்கள். மூன்று வருடம் காம்பில் இருந்துவிட்டு அவன் திருப்பி அனுப்பப்பட்டான். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. வேலை என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்கு லீவு.

4

இந்த வருடம் கோடை விடுமுறைக்கு அபியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். வதனி வரமாட்டேன் என்றுவிட்டாள். "யோகன் அண்ணையின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான், பதில் சொல்லவேண்டிய நான் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அபியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதில் ஏதோ படிவத்துக்காக அலுமாரியைக் கிளறியவள், என் கேஸ் பேப்பரை எடுத்து வாசித்துவிட்டாள். அவளுக்கு இந்த நாட்டு மொழிதான் மொழி. நான் வேலையால் வந்தபோது ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அதுவரை அவள் என்னோடு கதைப்பது "ம்", "ம்கூம்" என்ற அளவில்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாங்கோ, அப்பா உங்களுக்கு மணக்குது, இவ்வளவுதான். அன்று முதல் என்னை ஒரு மனிதனாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிப் பேசினாள். செல்வன் சித்தப்பாவுக்கு ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் யன்னலில் மெழுகுதிரி வைப்பாள். அது பொய் பிள்ளை என்று சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. அவள் பார்க்கிற பார்வை எனக்குப் பிடித்திருந்தது, அதனால் சொல்லவில்லை. ஊரில் அந்தக் கதையை எடுக்காதே, ஆட்கள் கவலைப்படுவார்கள் என்று மட்டும் விமானத்தில் வைத்துச் சொல்லிவைத்தேன்.

யோகனுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்ல வாய் இல்லாதபடியால் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அந்த விளையாட்டுப் பெட்டியைப் புதிதாக ஒன்று வாங்கி, விளையாட்டையும் போட்டு அவனுக்குப் பரிசாகக் கொண்டுபோனேன். அவன் விளையாடுவான். கடைசிக் கட்டத்துக்கு வருவான். ஒஸ்கார் வந்து பக்கத்து சீற்றில் இருக்கும்போது அவனுக்கு விளங்கும். நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. இதை எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறையலாம் போல் இருக்கிறது. அப்போது அது பெரிய மூளையான யோசனையாகத் தெரிந்தது.

வாடகை வான் ஒன்றில் ஓமந்தை தாண்டும்போது அபி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாள். பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பினோம். யோகன் ரோட்டுக்கே வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, என் கையிலிருந்த பையை வாங்கினான்.

"மெலிஞ்சு போனாய் மச்சான். அங்க சாப்பாடு இல்லையோ?" என்றான்.

அவன் மனைவி சாந்தி, "வாங்கோ அண்ணா. பிள்ளை, உள்ளுக்க வாங்கோ, வெயிலுக்க நிக்காதேங்கோ," என்று அபியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெட்டியைக் கண்டதும் யோகன் சிரித்தான். "அம்பது வயசில எனக்கு விளையாட்டுச் சாமானோ? சரி, கொழுவு பாப்பம்."

அபிதான் ரீவியில் பொருத்தி, ரவுட்டரிலிருந்து நெற் எடுத்து, என்னையும் நண்பராகச் சேர்த்து எல்லாம் செய்தாள். இடையில் கேட்டாள், "மாமா, இதில உங்களுக்கு ஒரு பேர் போடவேணும். என்ன போட?"

யோகன் என்னைப் பார்த்தான். "உங்கட அப்பான்ர பேரைப் போடுங்கோ பிள்ளை. ரவி எண்டு. அது நல்ல ராசியான பேர்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. என்மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். அவ்வளவு மொக்கன் நான்.

5

அவன் கதையைப் பார்க்கவில்லை.

ஆட்கள் கதைக்கிற காட்சி வந்தால் உடனே பொத்தானை அமத்தி வெட்டிவிடுவான். கார் ஓடுவது மட்டும்தான் அவனுக்கு வேண்டும். காலையில் வயலுக்குப் போய்விட்டு, பத்து மணிக்கு வந்து கால் கழுவி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து அந்த நகரத்துக்குள் கார் ஓட்டினான். முழு நகரமும் கொள்ளையடிக்கிற விளையாட்டில் என் மச்சான் சிவப்பு லைற்றுக்கு நிற்பான். பின்னுக்கு நிற்கிற கார்கள் ஹோன் அடிக்கும். அசையமாட்டான். வளைவுகளில் சிக்னல் போடுவதற்குப் பொத்தான் இல்லையா என்று அபியைக் கேட்டான்.

"ஏன் மச்சான் நிக்கிறாய்? உதில உன்னை ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்," என்றேன்.

"சிவப்பெல்லோ," என்றான். "காம்பில இருக்கேக்க லைசென்ஸ் புத்தகம் முழுக்கப் பாடமாக்கினனான். மூண்டு வருசம். சோதினைக்குப் போக முன்னம் பிளேனில ஏத்தி விட்டிட்டாங்கள்."

சாந்தி குசினியிலிருந்து, "இஞ்ச முரசுமோட்டையில ஒரு லைற்று இல்லை. இவர் ரீவிக்க போய் லைற்றுக்கு நிக்கிறார்," என்று சிரித்தாள். அபியும் சிரித்தாள். அவளை அப்படிச் சிரித்து நான் கண்டு நெடுநாள்.

நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து நாளில் நாங்கள் திரும்பவேண்டும். இவன் முதல் கட்டத்தையே தாண்டவில்லை. மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் சொன்னேன், "மச்சான், அந்தக் கதைகளை வெட்டாதை. அதுதான் இதில விசேசம்."

"கதை எனக்கு வேண்டாம். கதையளில எனக்கு ராசி இல்லை." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

அன்று மத்தியானம் கரண்ட் நின்றது. நால்வரும் விறாந்தையில் இருந்தோம். சாந்தி வெறும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அபி சுவரில் இருந்த குகனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு மாலை இல்லை, பொட்டில்லை, விளக்கில்லை. காணாமல் போனவர்களின் படத்துக்கு இங்கே மாலை போடமாட்டார்கள். போட்டால் செத்துவிட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

"மாமா, இவர் ஆர்?"

"என்ர தம்பி. குகன். சண்டை முடிஞ்ச நேரம் காணாமல் போனவன்."

அபி என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். யோகன் அதைக் கண்டுவிட்டான்.

"ஏன் பிள்ளை, அப்பாவைப் பாக்கிறியள்? அப்பா எப்பிடி அந்த நாட்டுக்கு வந்தவர் எண்டு உங்களுக்குச் சொன்னவரோ?"

"சொல்லேல்லை. நான் பேப்பரில வாசிச்சனான்."

"எங்க, சொல்லுங்கோ கேப்பம். உங்கட தமிழ் கேக்க ஆசையாக் கிடக்கு."

"மச்சான், பிள்ளைக்குத் தமிழ் சரியா வராது," என்றேன்.

"பறவாயில்லை. மெல்லச் சொல்லட்டும்."

அபி சொன்னாள். தடுக்கித் தடுக்கி, தெரியாத சொற்களுக்குக் கையைக் காட்டி. பள்ளிக்கூட வளவு. வரிசை. முகத்தை மூடியவன். அப்பா பயத்தில் தம்பியைத் தெரியாது என்று சொன்னது. செல்வன் சித்தப்பா அண்ணா, அண்ணா என்று கத்திக்கொண்டு போனது. சொல்லி முடித்தபோது அவளுடைய கண் நிறைந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

சாந்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

யோகன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். "நல்லாச் சொல்லுறியள் பிள்ளை. அப்பா மாதிரியே. ஒண்டு மட்டும் பிழை." குரலில் ஒரு கோபமும் இல்லை. "அவன் கத்தேல்லை. அண்ணா எண்டு கூப்பிடேல்லை. எழும்பிப் போகேக்க திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சவன்."

"உங்களையோ?" என்றாள் அபி.

அவன் எழுந்து உள்ளே போய் அலுமாரியைத் திறந்து பிளாஸ்ரிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். அந்தக் கடிதம் எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது.

"பிள்ளைக்கு இந்த மொழி வாசிக்கத் தெரியும்தானே. அப்பா ஒருக்கா எனக்கு இதை வாசிச்சுச் சொன்னவர். அவருக்கு அண்டைக்கு அவசரம், ஒரு வரிதான் சொன்னார். போன வருசம் ரெலிபோனால படம் எடுக்க, அது தமிழில மாத்தித் தந்தது. அதுக்கும் சில இடம் சரியா வரேல்லை. நீங்கள் முழுக்க வாசிச்சு எனக்குச் சொல்லுங்கோ."

"யோகன்," என்றேன்.

"நீ இரு மச்சான். பிள்ளை வாசிக்கட்டும்."

அபி வாசித்தாள். முதலில் மனதுக்குள் வாசித்தாள், பாதியில் நின்றாள், மேலே போய்த் திகதியைப் பார்த்தாள். பிறகு யோகன் கேட்டபடியே, வரிக்கு வரி, தமிழில் சொல்லத் தொடங்கினாள். இதே நடந்ததை வேற ஒரு ஆள் முதலே சொன்னவர். அந்த ஆள் சொன்னது கனக்க நல்லா இருந்தது. உங்கட தம்பி சிரிச்சது எண்டது. அந்த இடத்தில் நிறுத்தி, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்பா, இந்தச் சொல்லுக்குத் தமிழில என்ன?"

எட்டிப் பார்த்தேன். அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

"நம்பத்தக்க," என்றேன்.

"நம்பத்தக்க இல்லை," என்று அவள் யோகனுக்குச் சொன்னாள். "உங்கட தம்பி சிரிச்சது நம்பத்தக்க இல்லை, மாமா."

"ஓம்," என்றான் யோகன். "அந்த வரிதான் எனக்கு விளங்காமல் கிடந்தது."

கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் திரும்பக் கோப்புக்குள் வைத்தான். நான் கதிரையிலிருந்து இறங்கி அவன் காலடியில் இருந்தேனா, இருக்கப் பார்த்தேனா, இப்போது சரியாக ஞாபகமில்லை. மன்னிச்சுக்கொள் மச்சான் என்று சொன்னது ஞாபகம். இரண்டு தரம் சொன்னேன்.

"சாந்தி விரால் எடுத்தவள். சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றான்.

அந்தச் சொல்லில் இருந்த போங்கோ எனக்கு விளங்கியது. ஐந்து நாளுக்கென்று வந்தவர்கள் அன்று பின்னேரமே வான் எடுத்தோம். சாப்பிட்டோம், அதுதான் வெட்கம். சாந்தி எனக்குச் சோறு போடும்போது அண்ணா என்று கூப்பிடவில்லை. கரண்ட் வந்துவிட்டது. நாங்கள் வெளிக்கிடும்போது யோகன் கதிரையில் இருந்து ஒரு சிவப்பு லைற்றுக்கு நின்றுகொண்டிருந்தான்.

6

வானில் அபி பின் சீற்றில் இருந்தாள். எல்லாரும் இறங்கிக் கும்பிடுகிற முறிகண்டிக் கோயிலடியில் இறங்கமாட்டேன் என்றாள். ஓமந்தை தாண்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள், இந்த நாட்டு மொழியில்: செல்வன் சித்தப்பா என்று ஒருவர் இருந்தாரா? இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு தமிழில் கதைத்ததில்லை. மற்ற மொழியிலும் கதைப்பது குறைவு. சப்பாத்தைக் கழற்றுங்கோ என்றுகூடச் சொல்வதில்லை.

அவள் குடிவரவுக் கந்தோருக்கு எழுதுவாளோ என்று ஒவ்வொரு தபாலையும் பயந்து பயந்து உடைக்கிறேன். எழுதினால் எல்லாம் போகும், அவளுடையதும் சேர்ந்து போகும். எழுதமாட்டாள் என்று வதனி சொல்கிறாள். எனக்காக இல்லை, தனக்காக அவள் எழுதமாட்டாள். பதினாறு வயதில் அவளையும் என் கூட்டாளி ஆக்கிவிட்டேன் என்றாள் வதனி. கேசரி கிண்டிக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

விளையாட்டை நான் விடவில்லை. விட்டிருக்கலாம். நாலாவது தரம் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் இரண்டரை மணியளவில் திரையின் மூலையில் ஒரு சின்ன வரி வரும்: ரவி விளையாடத் தொடங்கியுள்ளார். முரசுமோட்டையில் அப்போது பொழுதுபடுகிற நேரம், வயலால் வந்திருப்பான். முதல் நாள் பார்த்தபோது என் பெயர் ஏன் இரண்டு தரம் கிடக்கிறது என்று முழித்தேன். பிறகுதான் அபியிடம் அவன் அந்தப் பெயரைப் போடச் சொன்னபோது என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. நான் அவனுடைய கதையை ஒரே ஒரு தடவை எடுத்தேன், அவன் என் பெயரை ஒவ்வொரு நாளும் எடுக்கிறான்.

இன்று, கார்ட் கிடைத்த நாளில், அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அவன் எங்கோ ஒரு சந்தியில் லைற்றுக்கு நிற்பான். நான் போய்ப் பக்கத்து சீற்றில் இருந்தால் போதும். இடம் என்று சொல்லத் தேவையில்லை, வலம் என்று சொல்லத் தேவையில்லை, அவன் கொண்டுபோகிற இடத்துக்குப் போவேன். அந்தப் பாதி நாள் வேலை செய்யாத பொத்தானை அமத்தினேன். இன்று வேலை செய்தது. உங்கள் கோரிக்கை அனுப்பப்பட்டுள்ளது, காத்திருக்கவும் என்று வந்தது.

காத்திருந்தேன். அபி பள்ளிக்கூடத்தால் வந்து, என்னையும் திரையையும் ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கேசரி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பத்து நிமிடம் இருக்கும்.

பிறகு அந்த மூலையில் இன்னொரு வரி வந்தது. அதில் காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ரவி உங்கள் கோரிக்கையை நிராகரித்துள்ளார்.